பெரிய எழுத்து ஜி.பி.எஸ்.

மலையில் வழி தவறியதற்குப் பனிமூட்டம்தான் காரணம் என்று எல்லோரும் ஒருமனதாக முடிவு கட்டிவிட்டார்கள். நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்கு என்பார்கள். இங்கே குதிரை நொண்டி என்பதே யாருக்கும் தெரியாது. தெரிந்தவர் மேஸ்திரி ஒருவர்தான். அவர் வாயைத் திறப்பதாக இல்லை.

சிமெண்டுத் தொழிற்சாலைக்குப் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த சைலோவுக்கு, சிமெண்டு கொட்டி வைக்கிற அந்த உயரமான கோபுரத்துக்கு, சாரம் கட்டுகிற ஆட்கள் செட்டு அவருடையது. வாரம் முழுக்க இரும்புப் பைப்பிலும் பலகையிலும் ஏறி இறங்குகிறவர்கள், விடுமுறை வந்தால் தொழிலாளர் மன்றத்தின் பேரில் மலையேறக் கிளம்பிவிடுவார்கள். லீவு நாளிலும் ஏறாவிட்டால் காலுக்கு என்ன கேடு என்று பெண்டாட்டிமார் கேட்காத வாரமில்லை. மலையில் பைப்பைக் கவ்வுகிற கிளாம்ப் முடுக்க வேண்டாம், சூப்பர்வைசர் மூஞ்சியைப் பார்க்க வேண்டாம் என்பது அவர்கள் பதில். முன்னால் நடப்பவர் எப்போதும் மேஸ்திரிதான். சைலோ உச்சியில் முதல் பைப்பை நிறுத்துகிறவர், மலையில் மட்டும் பின்னால் வருவாரா?

அன்றைக்குப் பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில் பனி இறங்கியிருந்தது உண்மை. மேஸ்திரி காகித வரைபடத்தை எடுத்து விரித்ததும் உண்மை. அதில் பாதை இருந்த இடத்தில் அவர் கண்ணுக்கு ஒரு மயிரிழை தெரிந்தது. அது பாதையா, மடிப்பா, தன் இமை முடியா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. கையை நீட்டிப் பார்த்தார், பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தார். பிறகு எல்லாம் விளங்கிவிட்டவர் போல வரைபடத்தை மடித்துப் பையில் செருகி, இடது பக்கம் கையைக் காட்டினார். கூட வந்தவர்கள் கேள்வி கேட்காமல் நடந்தார்கள். இடது பக்கப் பாதை மலையின் அந்தப் பக்கம் இறங்கி, அறியாத ஊர் ஒன்றின் சந்தைக்குக் கொண்டுபோய் விட்டது. கொட்டுகிற மழையில், முட்டைக்கோஸ் ஏற்றிய லாரியின் மேல் உட்கார்ந்து வீடு திரும்பினார்கள்.

செய்தி பாதுகாப்பு அதிகாரியின் காதுக்குப் போனது. அவருக்கு விபத்து என்ற சொல்லே ஆகாது. வேலை நேரத்தில் நடக்காததால் இது கணக்கில் வராது என்று பலர் சொல்லியும் அவருக்குத் தூக்கம் வரவில்லையாம். அடுத்த நாள் மேஸ்திரியைக் கூப்பிட்டு, கையில் வைத்துக்கொண்டு நடக்கிற ஜி.பி.எஸ். கருவி ஒன்றை மன்றத்துக்கு வாங்கிக் கொடுக்க கம்பெனி ஒத்துக்கொண்டதாகச் சொன்னார். செல்போன் போதாதா என்று கேட்டதற்கு, மலைமேல் டவர் கிடைக்காது, மழையில் நனைந்தால் போன் செத்துவிடும், இது நேராகச் செயற்கைக்கோளோடு பேசும் என்றார். நடத்திக்கொண்டு போகிறவர் மேஸ்திரி என்பதால், எதை வாங்குவது என்று பார்த்து எடுக்க வேண்டியவரும் மேஸ்திரியே என்று முடித்தார்.

திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல மேஸ்திரி தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தார்.

ஏன் அப்படி என்றால், செட்டுக்குள் ஒரு சட்டம் இருந்தது. மூக்குக் கண்ணாடி போட்டவன் மேலே ஏறக்கூடாது. பழைய மேஸ்திரி ஒருவர் இருந்தார். இப்போது ஸ்டோரில் உட்கார்ந்து கிளாம்பும் போல்ட்டும் எடுத்துக் கொடுக்கிறார். அவர் உச்சியில் குனிந்தபோது கண்ணாடி மூக்கிலிருந்து நழுவி, கீழே நடந்துபோன இன்ஜினியரின் காலடியில் வந்து நொறுங்கியது. அன்றைக்கு இறங்கியவர்தான், மறுபடி ஏறவில்லை. கண்ணாடிக்காரர் என்ற பெயரும் அன்றைக்கு ஒட்டியது. அதற்குப் பிறகு மேலே வேலை செய்கிற எவன் மூக்கிலும் கண்ணாடி ஏறியதில்லை. கண்ணாடி ஏறினால் கால் தரையில். கால் தரையில் என்றால் ஆள் பாதி.

மேஸ்திரிக்குத் தூரத்துப் பார்வை பருந்துக்கு உள்ளது மாதிரி. கீழே நின்றபடியே உச்சியில் எந்த கிளாம்ப் சாய்ந்திருக்கிறது என்று சொல்லுவார். கிட்டத்தில் உள்ளதுதான் இரண்டு வருடமாகக் கரைந்துகொண்டே வந்தது. வீட்டில் இதைக் கண்டுபிடிக்க மனைவிக்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை. போனில் வந்த சேதியைப் படிக்க அவர் கையை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அடுப்பைத் துடைத்தபடியே சொன்னாள்: “அவசரமில்ல. கை இன்னும் கொஞ்சம் வளரட்டும், அப்புறம் படிச்சுக்கலாம்.”

கண்ணாடி வாங்கிக்கொள்ளச் சொல்லி அவள் அலுத்துப்போனாள். கண்ணாடி போட்டுக்கொண்டு ஸ்டோரில் போல்ட்டு எண்ணுவதைவிடக் குருடனாகவே உச்சியில் நிற்பேன் என்றார் இவர். குருடன் உச்சியில் ரொம்ப நாள் நிற்கமாட்டான் என்றாள் அவள். அவளுடைய தம்பி இதே செட்டில் மேஸ்திரிக்கு அடுத்த ஆள். இவர் இறங்கினால் ஏறப்போகிறவன் அவன்தான். ஆகவே இது தம்பி காதுக்குப் போகக்கூடாது என்று அவளிடம் வாக்கு வாங்கியிருந்தார். மனைவியிடம் அவள் தம்பிக்கு எதிராக வாக்கு வாங்குவது எவ்வளவு பெரிய காரியம் என்பது கல்யாணமானவர்களுக்குத் தெரியும்.

கடைக்குப் போகிற அன்று அந்த மச்சினனே வந்து நின்றான். அக்காதான் அனுப்பினாளாம். மாமாவைத் தனியாகக் கடைக்கு விட்டால் எதை வாங்கப் போனாலும் கயிறு வாங்கிக்கொண்டு வருவார் என்றாளாம்.

கூடாரம், தூங்கும் பை, மலையேறும் பூட்ஸ் எல்லாம் விற்கிற கடை. விற்பனைக்கு நின்ற பெண் கண்ணாடி மேசைக்குள்ளிருந்து மூன்று கருவிகளை எடுத்து வெல்வெட் துணியில் வைத்தாள், நகைக்கடை மாதிரி.

முதலாவது தொடுதிரை. படம் பளபளவென்று இருந்தது. அந்தப் பெண் விரலால் தடவினால் மலை நகர்ந்தது, காடு விரிந்தது. மேஸ்திரி தொட்டார். ஒன்றும் அசையவில்லை. அழுத்தினார். முப்பது வருடம் துருப்பிடித்த பைப்பைப் பிடித்த விரல். அதைத் திரை விரலென்றே ஒப்புக்கொள்ளவில்லை. மச்சினனும் முயன்று பார்த்துவிட்டு, கடைசியில் விரலை மடக்கி முட்டியால் தட்டினான், கதவைத் தட்டுகிறவன் போல. உள்ளே யாரும் இல்லை.

இரண்டாவது உள்ளங்கையில் அடங்குவது. அந்தப் பெண் அதைத்தான் உயர்த்திப் பேசினாள். எடை இல்லை, ஒருமுறை சார்ஜ் போட்டால் நாள் கணக்கில் தாங்கும், ஆபத்தில் மாட்டினால் பொத்தானை அழுத்தியதும் செயற்கைக்கோள் வழியாகச் சேதி போகும், போன வழியை நினைவில் வைத்துக்கொண்டு அதே வழியில் திருப்பிக் கூட்டிவரும். மச்சினன் மயங்கிவிட்டான். “மாமா, இதுதான். சட்டைப் பையில போட்டா இருக்கிறதே தெரியாது” என்று, திரையைப் பார்க்காமலேயே புகழ்ந்தான்.

மேஸ்திரி அதை வாங்கிப் பார்த்தார். திரை தீப்பெட்டியில் பாதி. அதில் எண்கள் ஓடுவதாகச் சொன்னார்கள். அவருக்கு எறும்புப் புற்று தெரிந்தது. மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பது இதுதான். வேண்டாம் என்று சொல்ல வேண்டும், ஏன் வேண்டாம் என்று மட்டும் சொல்லக்கூடாது.

“இதுல கயிறு கட்ட ஓட்டை எங்க?” என்றார்.

அந்தப் பெண் திருப்பிப் பார்த்தாள். ஓட்டை இல்லை, கிளிப் ஒன்று இருந்தது. கிளிப்பை மேஸ்திரி ஒரு புழுவைப் பார்ப்பது போலப் பார்த்தார். கயிறு கட்ட முடியாத எந்தச் சாமானையும் மேலே கொண்டு போகக்கூடாது என்று ஆரம்பித்தார். ஆரம்பித்தபின் நிறுத்த முடியவில்லை. உள்ளேயே அடைத்து வைத்த பேட்டரி மலையில் தீர்ந்தால் எந்தப் பாறையில் சார்ஜ் போடுவது? சாதாரண செல் போடுகிற மாதிரி இருந்தால் பெட்டிக்கடையில்கூட வாங்கிக்கொள்ளலாம். கையுறை போட்ட கையால் இவ்வளவு சின்னப் பொத்தானை எப்படி அழுத்துவது? இருக்கிறதே தெரியாத சாமான், தொலைந்தாலும் தெரியாதே. பொய்யை மறைக்க வாயில் வந்ததையெல்லாம் சொன்னார். வேடிக்கை என்னவென்றால், சொன்னதில் ஒன்றுகூடப் பொய்யாக இல்லை. மச்சினன் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

மூன்றாவது ஒரு செங்கல். கனமான ரப்பர் உறை, பெரிய பெரிய பொத்தான்கள், பின்னால் செல் போடுகிற மூடி, கயிறு கட்ட இரண்டு ஓட்டை. திரையும் பெரிது. மேஸ்திரி அதை வெயிலில் பார்க்க வேண்டும் என்று கடை வாசலுக்குக் கொண்டுபோனார். அந்தப் பெண் கூடவே வந்தாள். மச்சினன் உள்ளே பூட்ஸ் பார்த்துக்கொண்டிருந்தான்.

“எழுத்தைப் பெருசாக்கிக்கலாம் சார், வேணும்னா” என்றாள் அவள்.

“எனக்கெதுக்கு?” என்றார் வெடுக்கென்று. பிறகு ரோட்டைப் பார்த்தபடி, மழையில் கொஞ்சம் தூரத்தில் வைத்துப் பார்க்க வேண்டி வந்தால் என்ன செய்வது என்று பொதுவாக விசாரித்தார்.

அவள் அவர் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தாள். “எங்க அப்பாவும் மழையிலதான் பேப்பர் படிப்பாரு” என்று சொல்லிவிட்டு, சிரிக்காமல், நாலு பொத்தானை அழுத்தி எழுத்தை முடிந்த மட்டும் பெரிதாக்கிக் கையில் கொடுத்தாள். மேஸ்திரிக்குத் திசை, ஏற்றம், தூரம் எல்லாம் கடைப் பலகை போலத் தெரிந்தன. இதையே பேக் பண்ணச் சொல்லிவிட்டு வேகமாக உள்ளே போனார்.

சைட்டில் மச்சினன் இதைச் சொல்லிச் சொல்லி ஊதிப் பெருக்கினான். கடைக்காரியையே மாமா திணறடித்துவிட்டாராம். கம்பெனிக்காரன் யோசிக்காததையெல்லாம் யோசித்தாராம். இரண்டு நாளில் சிமெண்டு மூட்டை தூக்குகிறவர்கள்கூட, ‘கயிறு கட்ட ஓட்டை எங்க’ என்று எதை வாங்கினாலும் கேட்க ஆரம்பித்தார்கள். தண்ணீர் பாட்டிலுக்கும் கேட்டார்கள்.

சாரம் கட்டுகிறவர்களிடம் இன்னொரு வழக்கமும் உண்டு. புதுக் கயிறு வந்தால், அதைத் தேர்ந்தெடுத்தவன்தான் முதலில் அதில் தொங்க வேண்டும். பிடிக்காத கயிற்றை அடுத்தவன் தலையில் கட்ட முடியாதபடிக்கு யாரோ புத்திசாலி வைத்த ஏற்பாடு. அதன்படி புதுக் கருவியோடு முதல் நடையை மேஸ்திரிதான் நடத்த வேண்டும் என்று செட்டு சொன்னது. பாதுகாப்பு அதிகாரியும் தொப்பி, குச்சி சகிதம் கூட வந்தார்.

அதே இடத்தில் அதே பனி. பாதை பிரிகிற இடத்தில் எல்லோரும் நின்றார்கள். மேஸ்திரி இடுப்பு பெல்ட்டில் கட்டியிருந்த கருவியை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தார். ‘வலது’ என்று அம்புக்குறியோடு தெரிந்தது. அவருக்கு மட்டுமில்லை. எழுத்து அவ்வளவு பெரிதாக இருந்ததால் பின்னால் நின்ற நாலு பேருக்கும் தெரிந்தது. அவர்களுக்குப் பின்னால் நின்றவரும் எட்டிப் பார்த்துத் தலையை ஆட்டினார். மேஸ்திரி வாயைத் திறப்பதற்குள் பாதி செட்டு வலது பக்கம் திரும்பிவிட்டது.

அதிகாரி ஆச்சரியப்பட்டார். சாதாரணமாகக் கருவி கையில் வந்தவன் அதை மூடி மூடி வைத்துக்கொண்டு பெரிய மனிதன் ஆகப் பார்ப்பான். இவர் எல்லோருக்கும் தெரியும்படி எழுத்தைப் பெரிதாக்கி அல்லவா வைத்திருக்கிறார் என்றார். மச்சினன் உடனே, மாமா எப்பவுமே அப்படித்தான், தனக்குன்னு எதையும் வச்சுக்கமாட்டாரு என்று எடுத்துக் கொடுத்தான். மேஸ்திரி மறுக்கவில்லை. மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். நனையாமல், நேரத்தோடு, போன வழியே இறங்கி வந்தார்கள். இனிமேல் தன் கண்ணைப் பற்றி எவனுக்கும் சந்தேகம் வராது, இன்னும் பத்து வருடம் உச்சியில் நிற்கலாம் என்று மேஸ்திரி அன்றைக்கு வயிறு நிறையச் சாப்பிட்டார்.

அந்த வாரமே அதிகாரி கூப்பிட்டனுப்பினார். மேசை மேல் ஒரு உத்தரவு, கையெழுத்தோடு. தொழிற்சாலையிலிருந்து ஆற்றுவரை தண்ணீர்க் குழாய் போடப் போகிறார்கள். பாதை நெடுக முளை அடிக்க வேண்டும். அதற்கு அளவுக் கருவியைப் பிடித்து எண் வாசித்துச் சொல்ல, பதறாத, பொறுப்பான ஆள் வேண்டும் என்று மேலிடம் கேட்டதாம். கருவி என்றாலே மேஸ்திரி என்று தான்தான் சிபாரிசு செய்ததாகச் சொல்லி, அதிகாரி எழுந்து நின்று கை கொடுத்தார்.

“இனிமே நீங்க மேல ஏற வேண்டியதே இல்ல” என்றார், வரம் கொடுக்கிறவர் போல.

செட்டை யார் பார்ப்பது என்று கேட்டபோது மேஸ்திரியின் குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. உங்கள் மச்சினன்தான், வேறு யார், வீட்டை விட்டு வெளியே போகவில்லையே என்று அதிகாரி சிரித்தார். பிறகு அளவுக் கருவியை எடுத்துக் கொடுத்தார். மேஸ்திரி பார்த்தார். எறும்புப் புற்றுகூட இல்லை இது, எறும்பு முட்டை. எழுத்தைப் பெரிதாக்க முடியுமா என்று, எல்லோருக்கும் தெரியட்டுமே என்ற பாவனையில் கேட்டார். இதில் அந்த வசதி கிடையாதாம்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. கண் தெரியவில்லை என்றால் இந்த வேலை போகும். கண் தெரியவில்லை என்று தெரிந்தால் சாரமும் போகும். எந்தப் பக்கம் திரும்பினாலும் தரைதான். கருவியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தவரின் கால் தானாக ஸ்டோருக்குப் போனது.

கண்ணாடிக்காரர் இவர் கையிலிருந்ததையும் முகத்தையும் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் இழுப்பறையைத் திறந்து, தன்னிடமிருந்த இன்னொரு கண்ணாடியை எடுத்து நீட்டினார்.

“போட்டுப் பாரு. உன் மச்சினன் காலையிலதான் திருப்பிக் குடுத்தான்.”

மேஸ்திரிக்கு முதலில் விளங்கவில்லை. கிழவர் விளக்கினார். சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொருவனாக வருவானாம். ஒருவனுக்கு வீட்டுச் சேதி படிக்க, ஒருவனுக்கு மாத்திரை அட்டை பார்க்க. மேலே ஏறுகிறவர்களில் நாற்பத்தைந்து தாண்டினவன் எல்லாம் இந்த ஒரு கண்ணாடியில்தான் உலகத்தைப் படிக்கிறானாம். இவன் வருவது அவனுக்குத் தெரியாது, அவன் வருவது இவனுக்குத் தெரியாது. மேஸ்திரி மட்டும்தான் பாக்கி என்று இத்தனை நாள் காத்திருந்தாராம்.

“அப்ப சட்டம்?” என்றார் மேஸ்திரி.

“எந்தச் சட்டம்?”

“கண்ணாடி போட்டவன் ஏறக்கூடாதுன்னு.”

கிழவர் ஒரு போல்ட்டை எடுத்துத் துடைத்தார். அப்போது அவருக்கு முழங்கால் இரண்டும் போயிருந்ததாம். ஏற முடியவில்லை. முழங்கால் என்று சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நல்லவேளையாகக் கண்ணாடி விழுந்தது. கண்ணாடியால் ஆபத்து, நான் கீழேயே இருந்துகொள்கிறேன் என்று பெரிய மனது பண்ணிக் கேட்டதும், ஸ்டோரைக் கொடுத்தார்கள்.

“ஏறச் சொன்னா எருதுக்குக் கோபம், இறங்கச் சொன்னா நொண்டிக்குக் கோபம்னு சொல்லுவாங்க. எனக்கு இறங்கணும், கோபமில்லாம இறங்கணும். அவ்வளவுதான்டா சொன்னேன். சட்டம் போட்டது நீங்க.”

மேஸ்திரி அந்த நடையிலேயே திரும்பி அதிகாரியிடம் போனார். கண்ணாடி போட்டுக்கொண்டு சாரத்தில் ஏற கம்பெனியில் தடை உண்டா என்று, யாருக்கோ கேட்பது போலக் கேட்டார். அதிகாரி தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, எதற்குத் தடை, பின்னால் ஒரு கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு தாராளமாக ஏறலாமே, கயிறு கட்டுவதைப் பற்றி உங்களுக்கா நான் சொல்ல வேண்டும் என்றார். ஏன் கேட்கிறீர்கள் என்றும் கேட்டார். சும்மாதான் என்றார் மேஸ்திரி.

தன் இடத்தைத் திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்க நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால், மனைவி அதற்குள் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் போன் போட்டுச் சொல்லி முடித்திருந்தாள். புருஷனுக்குக் கருவி வேலை, தம்பிக்கு மேஸ்திரி வேலை. ஒரே நாளில் இரண்டு பக்கத்துக்கும் நல்லது நடக்கிற வீடு எத்தனை இருக்கும்? சோறு போட்டுக்கொண்டே, குனிந்த தலை நிமிராமல், “இனிமே காத்தடிச்சா நான் வாசலப் பார்த்துட்டு நிக்க வேண்டாம்” என்றாள். இரண்டு வருடமாகக் குத்திக்காட்டிய வாயில் அப்படி ஒரு சொல் வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. சொல்ல வந்ததைச் சோற்றோடு விழுங்கினார்.

குழாய்ப் பாதை சைலோவின் அடியிலிருந்தே தொடங்கியது. முதல் நாள் மேஸ்திரி புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றார். கையில் இருந்த எண்கள் துல்லியமாகத் தெரிந்தன. அண்ணாந்தால் சைலோ சாம்பல் நிறத்தில் கரைந்து கிடந்தது. கண்ணாடியைக் கழற்றினார். உச்சி பளிச்சென்று வந்தது. மச்சினன் பலகையைக் கட்டிக்கொண்டிருந்தான். முடிச்சுப் போடுகிற விதம்கூடத் தெரிந்தது. தப்பான முடிச்சு இல்லை. ஆனால் தன் முடிச்சு இல்லை. அவன் மூக்கில் கண்ணாடி இல்லை. அவனிடம் போய், கயிறு கட்டிப் போட்டுக்கடா, ஒரு தடையும் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லலாம். சொன்னால், எனக்குக் கண்ணாடி வேணும்னு உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அவன் கேட்பான்.

முளையும் சுத்தியலுமாகக் காத்திருந்த ஆள் குரல் கொடுத்தான். “நம்பர் சொல்லுங்க மேஸ்திரி. வெயில் ஏறுது.”

மேஸ்திரி கண்ணாடியை மூக்கில் ஏற்றினார். சைலோவும் சாரமும் மச்சினனும் ஒன்றாகக் குழம்பி மறைந்தார்கள். அவர் குனிந்து எண்ணை வாசித்தார், ஒரு இலக்கம்கூடப் பிசகாமல்.